சூரியகாந்தியில் நடுவெல்லாம் பொக்கு, ஏன்?

மொட்டைமாடி:
சூரியகாந்திப் பூ நன்றாகக் காய்ந்ததும் விதைகளை உதிர்த்தேன். ஓரத்தில் இருந்தவை குண்டு குண்டாக இருக்கின்றன. நடுவில் இருந்தவற்றை நகத்தால் அழுத்தினால் நொறுங்குகின்றன, உள்ளே ஒன்றுமே இல்லை. பருப்பு இல்லாமல் ஓடு மட்டும் எப்படி வளரும்? போதாக்குறைக்கு, தாவரவியல் படிக்கும் மகள் "அது விதையே இல்லை, கனி" என்கிறாள்.

பூதக்கண்ணாடி:
மகள் சொல்வது சரிதான். உங்கள் கையில் இருப்பது சிப்செலா என்னும் உலர்கனி. வரி போட்ட ஓடு கனித்தோல். உள்ளே இருக்கும் பருப்புதான் விதை. உங்கள் கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. ஓடு முக்கியமாகப் பூவின் சூற்பைச் சுவரிலிருந்து வருகிறது, பருப்பு அதற்குள் இருக்கும் சூலிலிருந்து. மகரந்தம் சேராவிட்டாலும் சுவர் பாட்டுக்கு வளர்ந்து கெட்டியாகிவிடும், சூல் மட்டும் சுருங்கிப்போகும்.

ஒரே பூவாகத் தெரியும் தட்டில் உள்ள சிறு பூக்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, நாளுக்குக் கொஞ்சமாக மலரும். நடுப்பூக்களின் முறை வரும்போது சத்தும் தண்ணீரும் முந்திக்கொண்டவற்றுக்கே போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் அங்கே பொக்கு அதிகம். தேனீ எட்டிப் பார்க்காத இடமென்றால் ஓரமும் தப்பாது.

அடுத்த பூவில், முற்றுவதற்கு முன் ஒரு கனியைப் பிடுங்கிப் பாருங்கள். ஒடுங்கிய முனை தட்டில் பதிந்திருக்கும். அகன்ற முனையில் மெல்லிய செதில் இரண்டு நிற்கும், விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். அதுதான் பாப்பஸ், புல்லிவட்டத்தின், அதாவது பூவின் வெளிவட்டத்தின், மாறிய வடிவம். டேன்டேலியன் என்னும் செடியில் இதே உறுப்புதான் குடையாக விரிந்து கனியைக் காற்றில் தூக்கிப்போகிறது.

விதைப்பெட்டி:
செண்டுமல்லியிலும் இதே கதைதான். கறுப்புக் குச்சியை அழுத்தும்போது தட்டையாக மடிந்தால் தூக்கிப் போடுங்கள். காலண்டுலா என்னும் பூச்செடிதான் ஆளைக் குழப்பும்: ஒரே தலையில் வளையமாகச் சுருண்டது, இறக்கை விரிந்தது, முதுகில் முள்ளோடு நீண்டது என்று விதவிதமாக இருக்கும். ஏதோ கலந்துவிட்டது என்று பொறுக்கி எறிய வேண்டாம், எல்லாமே அதன் கனிதான்.

மொட்டைமாடி:
நன்றி. தண்ணீரில் போட்டால் பொக்கு மிதக்கும் அல்லவா, அப்படிப் பிரித்துவிடலாமா?

பூதக்கண்ணாடி:
சூரியகாந்திக்கு அது சரிப்படாது. ஓட்டுக்கும் பருப்புக்கும் இடையே காற்று இருப்பதால் நல்லதும் சேர்ந்து மிதக்கும். முறத்தில் புடைத்துவிடுங்கள்.