கிச்சனுக்குத் தமிழில் என்ன பெயர்? பிக்கிள்பால் விதித்தாளுக்கு ஒரு சொல் தேவை

சாட்ஸ்வர்த், டர்பன்

அனைவருக்கும் வணக்கம்.

மன்றத்துக்கான பிக்கிள்பால் விதித்தாளைத் தமிழில் எழுதி முடிக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் மாலையில் ஆட வரும் பெரியவர்களும் ஒரே தாளைப் படிக்க வேண்டும். ஆட்டத்தின் பெயரைத் தொடப்போவதில்லை. துளைகள் உள்ள பிளாஸ்டிக் பந்தை மட்டையால் வலைக்கு மேலே அடித்து ஆடும் இது, 1965-இல் வாஷிங்டன் மாநிலத்துப் பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்த ஆட்டம், பிக்கிள்பாலாகவே இருக்கட்டும். மட்டை, வலை, கோடு, புள்ளி எல்லாம் கையில் இருக்கிற சொற்கள். சர்வுக்குத் 'தொடக்க அடி' என்று போட்டிருக்கிறோம், யாரும் மறுக்கவில்லை.

இடறுவது கிச்சனில்தான். வலைக்கு இருபுறமும் 2.13 மீட்டர் ஆழம், தளத்தின் முழு அகலமான 6.1 மீட்டர் நீளம் கொண்ட பட்டை. அதில் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. இதுவரை வந்த சொற்கள்: அடுக்களை, தடைக்கட்டம், நுழையாப் பகுதி. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். பந்தைத் தரையில் படவிடாமல் அடிக்கும் வாலிக்கும் (volley) ஒரு சொல் சேர்த்துத் தந்தால் நல்லது. அது இல்லாமல் இந்தப் பட்டையின் விதியை ஒரு வாக்கியத்தில் எழுத வரவில்லை.

டொங்காட்

அக்கா, என் வாக்கு அடுக்களைக்கு. ஐந்து எழுத்தில் முடிகிறது, பிள்ளைகளுக்கு மறக்காது. கப்பல் தளத்தில் ஆடும் ஷஃபிள்போர்டிலும் பத்துப் புள்ளி பறிபோகும் கட்டத்துக்குக் கிச்சன் என்றே பெயர். அங்கிருந்து வந்திருக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். ஆங்கிலப் பெயரே விதியை விளக்காதபோது தமிழ்ப் பெயர் மட்டும் ஏன் விளக்க வேண்டும்? விளக்கத்தை அடுத்த வரியில் எழுதிவிடலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் விதித்தாளை ஒருமுறைதான் படிப்பார்கள், பெயரை ஒவ்வொரு ஆட்டத்திலும் சொல்வார்கள். பெயர் எதையும் சொல்லாமல் இருந்தால் கூடப் பரவாயில்லை, தப்பானதைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அடுக்களை என்றதும் நம் வீடுகளில் காதில் விழுவது 'உள்ளே வராதே' என்பதுதான். தடைக்கட்டமும் நுழையாப் பகுதியும் அதையே இன்னும் உரக்கச் சொல்கின்றன.

புதிதாக ஆடுபவர்களின் முதல் கோளாறே இதுதான்: அந்தப் பட்டைக்குள் கால் வைப்பதே குற்றம் என்று நினைக்கிறார்கள். எதிராளி வலையோரம் மெல்லப் போட்ட பந்து உள்ளே விழுந்து எழும்பும். இவர்கள் கோட்டுக்கு வெளியே கால்களை ஒட்டவைத்துக்கொண்டு இடுப்பை மடக்கி எட்டுவார்கள். எடை முன்னால் சாய்ந்திருப்பதால் மட்டை பந்துக்கு அடியில் போகாது. பந்து வலையில் மோதும், அல்லது மணிக்கட்டால் சுண்டிவிட்டு எதிராளியின் மார்புயரத்துக்குத் தூக்கிக் கொடுப்பார்கள். செய்ய வேண்டியது: ஒரு காலை உள்ளே வைத்து, முழங்காலை மடக்கி, பந்தை உடலுக்கு முன்னால் அடித்து, உடனே அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது. பந்து வருமுன்பே உள்ளே போய் நிற்கவும் விதியில் தடையில்லை. ஆனால் நின்றால், அடுத்த பந்து நேராக உடம்பைப் பார்த்து வரும், அதை அடிக்க உரிமை இருக்காது.

விதி தடுப்பது தரையில் படாத பந்தை அடிப்பதை மட்டும்தான். அதைக் கடுமையாகவே தடுக்கிறது. கோடும் பட்டையில் சேர்த்தி, கால்விரல் கோட்டைத் தொட்டாலும் தவறு. அடித்த வேகத்தில் தடுமாறி உள்ளே விழுந்தாலும் தவறு, அதற்குள் எதிர்ப்பக்கம் பந்து இரண்டு முறை குதித்து ஆட்டம் முடிந்திருந்தாலும் சரி. அடித்தவரின் தொப்பி கழன்று உள்ளே விழுந்தால் அதுவும் கணக்கில் வரும். உள்ளே இருந்தவர் வெளியே வந்து அந்தரத்தில் அடிக்க விரும்பினால், இரண்டு காலும் வெளியே தரையில் பட்ட பிறகே அடிக்கலாம். உள்ளேயிருந்து பின்னுக்குத் துள்ளி, காற்றில் இருக்கும்போதே அடித்துவிட்டு வெளியே இறங்குவது செல்லாது.

இன்னொன்று, பட்டை என்பது தரை மட்டும்தான். அதற்கு மேலே இருக்கும் காற்று சேர்த்தி இல்லை. காலை வெளியே வைத்துக்கொண்டு மட்டையைக் கோட்டுக்கு மேல் நீட்டி அடிக்கலாம். ஆகவே 'பகுதி', 'வெளி' என்ற சொற்களை விட்டுவிட்டுக் 'கட்டம்' என்றே வைப்போம். பாண்டி ஆடும் பிள்ளைக்குக் கட்டம் என்றால் தரையில் கோடு போட்டது என்று சொல்லாமலே தெரியும்.

லெனேசியா

கட்டம் சரி. அதற்கு முன்னொட்டாக, அது எதற்குப் பயன்படுகிறது என்பதைச் சொல்லலாமே? மன்ற அளவில் ஒருவர் முன்னேறுவதும் தேங்குவதும் மூன்றாம் அடியில் தெரிந்துவிடும். தொடக்க அடி தரையில் பட்டுத்தான் திரும்ப வேண்டும், திரும்பி வருவதும் தரையில் பட்ட பிறகே அடிக்கப்பட வேண்டும். அதனால் தொடங்கிய அணி பின்கோட்டோரம் காத்து நிற்கிறது, எதிரணி வலைப்பக்கம் வந்து வாகாக நின்றுவிடுகிறது. பின்கோட்டுக்கும் அந்தக் கட்டத்தின் கோட்டுக்கும் இடையில் 4.57 மீட்டர். அதைக் கடக்க நேரம் வாங்கித் தருவது, எதிரணியின் கட்டத்துக்குள் இறங்கும் மெதுவான மூன்றாம் அடி. அங்கே இறங்கினால் அவர்கள் பந்தைக் கீழிருந்து மேலே தூக்கியாக வேண்டும், அறைய முடியாது.

பலருக்கு அது ஏன் நீண்டுபோகிறது என்றால், பந்தின் உச்சி வலைக்கு மேலேயே இருக்கும்படி அடிக்கிறார்கள். உச்சி நம் பக்கத்திலேயே, வலைக்கு ஒரு மீட்டராவது முன்னால் இருக்க வேண்டும். வலையைத் தாண்டும்போது பந்து இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். பிடியை இறுக்கினால் இது நடக்காது. பத்தில் மூன்று பங்கு இறுக்கம் போதும். மட்டையைப் பின்னுக்கு வீசாமல், தோளிலிருந்து தள்ளிவிட வேண்டும்.

எங்கள் ஊரில் இது இன்னும் கடினம். ஜோஹானஸ்பர்க் பக்கம் கடல்மட்டத்துக்கு 1,600 மீட்டருக்கு மேல். காற்று மெலிது, துளைப்பந்தைத் தடுக்கும் விசை குறைவு. டர்பனில் கச்சிதமாக இறங்கும் அதே அடி இங்கே நீளும். டர்பனிலிருந்து வந்து ஆடுபவர்கள் முதல் அரைமணி நேரம் மூன்றாம் அடியை மட்டுமே பழகினால் நல்லது. வெளித்தளத்தின் 40 துளைப் பந்து உள்ளரங்கின் 26 துளைப் பந்தைவிடக் கடினம், மட்டையிலிருந்து விரைவாகக் கிளம்பும். பழகும்போது இரண்டையும் கலக்க வேண்டாம்.

என் பரிந்துரை: 'இறக்குகட்டம்'. பந்தை எங்கே இறக்க வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

லெனேசியா ஐயா சொன்ன பயிற்சி முறை முழுவதும் சரி. ஆனால் இறக்குகட்டம் உத்தியின் பெயர். அடித்து ஆடும் அணி அங்கே ஒரு பந்தைக்கூட இறக்காமல் வெல்லலாம். அப்போதும் அந்தக் கட்டம் அவர்கள் காலைக் கட்டுப்படுத்தும். விதித்தாளில் விதியின் பெயர் இருக்க வேண்டும். பிரெஞ்சில் 'ஸோன் தெ நோன்-வொலே' என்கிறார்கள்: நீளம் அதிகம், ஆனால் விதி உள்ளே இருக்கிறது.

முதலில் இரண்டு அடிகளுக்குப் பெயர் வைப்போம், கட்டத்தின் பெயர் தானே வந்துவிடும். தரையில் பட்டு எழும்பிய பந்தை அடிப்பது 'பட்டடி'. படாமல் அடிப்பது 'படாவடி'. பட்டடி மட்டுமே செல்லும் கட்டம் 'பட்டடிக் கட்டம்'. தடை என்ற சொல்லே வேண்டாம், அங்கே எது செல்லும் என்பதை நேராகச் சொல்கிறோம். லெனேசியா ஐயா எழுதிய இரட்டைப் படல் விதியும் ஒரே வரியில் அடங்கிவிடும்: 'இரண்டாம் அடியும் மூன்றாம் அடியும் பட்டடியாகவே இருக்க வேண்டும்.' அதற்குத் தனிச் சொல் தேடவே வேண்டாம்.

சொல்லோடு கோட்டையும் சரியாகப் போடச் சொல்லுங்கள். இங்கே பாட்மிண்டன் ஹால்களில்தான் ஆடுகிறோம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும். வெளிக்கோடுகள் இரண்டு ஆட்டத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், பாட்மிண்டனின் முன் கோட்டையே கட்டத்தின் கோடாக வைத்துக்கொள்கிறார்கள். அது பிசகு. பாட்மிண்டன் கோட்டின் வலைப்பக்க விளிம்பு 1.98 மீட்டரில் இருக்கிறது, கோட்டின் தடிமன் 4 சென்டிமீட்டர். நமக்கு வேண்டியது 2.13 மீட்டர், அதுவும் கோட்டின் தடிமனையும் சேர்த்து. 5 சென்டிமீட்டர் அகல டேப்பை ஒட்டினால், பின்கோட்டைப் பார்த்த விளிம்பு 2.13-இல் வர வேண்டும். அப்போது பாட்மிண்டன் கோட்டுக்கும் டேப்புக்கும் நடுவே 6 சென்டிமீட்டர் இடைவெளி தெரியும். 2.13-ஐ அளந்து அதற்கு வெளியே டேப்பை ஒட்டினால் கட்டம் ஒரு டேப் அகலம் கூடிவிடும். டேப் பழைய கோட்டின் நிறத்தில் இருந்தால் சண்டைதான், வேறு நிறத்தில் வாங்குங்கள். வலை ஓரத்தில் 91.4, நடுவில் 86.4 சென்டிமீட்டர். பாட்மிண்டன் வலையைத் தாழ்த்திக் கட்டினால் நடுவே தொங்கும், நடுவில் ஒரு பட்டி கட்டி உயரத்தை அளந்துவிடுங்கள்.

சாட்ஸ்வர்த், டர்பன்

பட்டடிக் கட்டம் நன்றாக இருக்கிறது. ஆனால் படாவடியை ஏற்க முடியாது. இது தாளில் மட்டும் இருக்கும் சொல் இல்லை. ஆட்டத்துக்கு நடுவே கூவப்படும். தகரக் கூரை ஹாலில், நான்கு தளத்தில் பந்துச் சத்தம் கேட்கும்போது, 'பட்டடி', 'படாவடி' இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். பொருளோ நேர் எதிர். கோட்டோரம் நிற்பவரிடம் 'விடு, தரையில் படட்டும்' என்று சொல்ல நினைத்து இணை ஆட்டக்காரர் கூவினால், அவர் அந்தரத்தில் அறைந்து புள்ளியைக் கொடுத்துவிடுவார்.

வாலிக்கு 'அந்தர அடி' வைக்கலாமா? பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணன் முந்திய மடலில் 'அந்தரத்தில் அடிக்க' என்று இயல்பாகவே எழுதியிருக்கிறார். சேர்த்தெழுதினால் 'அந்தரவடி' என்று ஆகும், அது வாயில் ஓடாது. பிரித்தே எழுதலாம். கூவும்போது 'அந்தரம்!' போதும். எதிர்க்குரல் 'பட்டடி!' முதல் எழுத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

டொங்காட்

அடுக்களையை விட்டுவிடுகிறேன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணன் சொன்ன காரணம் போதும். இரண்டு ஐயங்கள்.

ஒன்று, தொடக்க அடி அந்தக் கட்டத்திலோ அதன் கோட்டிலோ விழுந்தால் தவறு. பட்டடிக் கட்டம் என்றால், அங்கே பந்து படலாம் என்று நினைத்துத் தொடக்க அடியையும் அங்கே போடமாட்டார்களா?

இரண்டு, 'அடி' நமக்கு அளவும்கூட. 'ஏழு அடி ஆழம்' என்று யாராவது எழுதினால், ஏழு தடவை அடிப்பதா என்று கேட்பார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

இரண்டாவதற்கு எளிய வழி: தாள் முழுவதும் மீட்டரில் எழுதுவது. இந்த நாட்டுப் பிள்ளைகள் அளப்பதும் அதில்தான்.

முதல் ஐயத்துக்கு: ஒரு பெயருக்குள் எல்லா விதியையும் திணிக்க முடியாது. தொடக்க அடி எங்கே விழ வேண்டும் என்பது தொடக்க அடியின் விதி, அங்கே எழுதுவோம். பின்கோட்டுக்கு வெளியே நின்று, கீழிருந்து மேலாக, இடுப்புக்குக் கீழே பந்தைத் தொட்டு, குறுக்கே எதிர்ப்பக்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்று எப்படியும் ஒரு பத்தி வரும். அதன் கடைசியில் 'பட்டடிக் கட்டத்திலோ அதன் கோட்டிலோ விழுந்தால் செல்லாது' என்று சேர்த்தால் முடிந்தது. பெயரில் இருக்க வேண்டியது, ஆடும்போது நொடிப்பொழுதில் நினைவுக்கு வர வேண்டிய விதி. தொடக்க அடி அடிப்பவருக்கு யோசிக்க நேரம் இருக்கிறது, வலையோரம் நிற்பவருக்கு இல்லை.

லெனேசியா

பட்டடிக் கட்டத்தை ஏற்கிறேன். இறக்கு என்ற வினையை மூன்றாம் அடிக்கு வைத்துக்கொள்கிறேன்: 'இறக்கடி'. வலையோரத்திலிருந்து எதிரணியின் கட்டத்துக்குள் பந்தை மெல்லப் போடும் டிங்க் மட்டும் பாக்கி. அதற்கு 'மென்பட்டடி' என்று யாராவது சொல்லுமுன் ஒரு குறிப்பு: டிங்க் எப்போதும் பட்டடியாக இருக்க வேண்டியதில்லை. கோட்டுக்கு வெளியே காலை வைத்துக்கொண்டு, வரும் பந்தைத் தரையில் படவிடாமலே மெல்ல எதிர்க்கட்டத்துக்குத் திருப்பலாம், எதிராளியின் நேரத்தைப் பறிக்க அதுதான் நல்ல வழி. ஆகவே பட்டடி என்ற சொல் இதில் வரக் கூடாது. 'மெல்தட்டு' பொருந்தும். தட்டுவதில் வீச்சு கிடையாது, இந்த அடிக்கும் கிடையாது. பயிற்சிக் குறிப்பில் குறுக்கு மெல்தட்டை முதலில் வையுங்கள்: வலை நடுவில் தாழ்வு, மூலைவிட்டம் நேர்த் தூரத்தைவிட நீளம், இரண்டுமே பழகுபவருக்குச் சாதகம்.

சாட்ஸ்வர்த், டர்பன்

மெல்தட்டும் இறக்கடியும் தாளில் ஏறிவிட்டன. கட்டத்துக்கான பத்தி இப்படி அச்சுக்குப் போகிறது, எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் சொல்லுங்கள்:

'வலையின் இருபுறமும், கோடு உட்பட 2.13 மீட்டர் ஆழமுள்ள தரை பட்டடிக் கட்டம். இதற்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், நிற்கலாம். உள்ளே அல்லது கோட்டின்மேல் கால் இருக்கும்போது பட்டடி மட்டுமே செல்லும், அந்தர அடி தவறு. வெளியே நின்று அந்தர அடி அடித்தவர், அந்த வேகத்தில் கட்டத்தைத் தொட்டாலும், அவர் அணிந்ததோ பிடித்ததோ உள்ளே விழுந்தாலும் தவறு. உள்ளே இருந்தவர் இரண்டு காலையும் வெளியே ஊன்றிய பிறகே அந்தர அடி அடிக்கலாம்.'

டேப் ஆரஞ்சு நிறத்தில் வாங்குகிறோம். ஹாலின் பாட்மிண்டன் கோடுகள் வெள்ளை.