ரெட்வால்டின் இரண்டு பலிபீடங்கள்: கோழைத்தனமா, கணக்கா?

அணில்வால் கேட்டது:
இங்கிலாந்தின் ஆரம்பகால ஆங்கிலோ-சாக்சன் மன்னர்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாதி மன்னர்களின் பெயர் ‘ஏதல்’ என்று தொடங்குகிறது, மீதிப் பேருடையது ‘ஆஸ்’ என்று. யார் யாரைக் கொன்றார் என்பதே குழம்புகிறது. அது போகட்டும். என்னை உறுத்துகிறவர் கிழக்கு இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்லியா நாட்டை ஆண்ட ரெட்வால்ட். தென்கிழக்கே இருந்த கென்ட் நாட்டுக்குப் போய் ஞானஸ்நானம் பெறுகிறார். திரும்பி வந்ததும் ஒரே கோயிலுக்குள் கிறிஸ்துவுக்கு ஒரு பீடம், பழைய தெய்வங்களுக்குப் பலியிட இன்னொரு சின்னப் பீடம். 731 வாக்கில் எழுதிய துறவி பீட் இதற்காக அவரைத் திட்டித் தீர்க்கிறார். நிஜமாகவே இரண்டுங்கெட்டானா இந்த மனிதர்?

மண்மேடு:
கதை கட்டுக்கதை இல்லை. அல்ட்வுல்ஃப் என்ற பிற்கால மன்னர், சிறுவயதில் அந்தக் கோயிலைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்வாராம். அதையும் பீட்தான் எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் ‘கோழை’ என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அக்கம்பக்கத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 616-இல் கென்ட்டின் கிறிஸ்தவ மன்னர் ஏதல்பெர்ட் இறக்கிறார். மகன் ஈட்பால்ட் கிறிஸ்தவத்தை உதறிவிட்டு, அப்பாவின் இரண்டாம் மனைவியையே மணந்துகொள்கிறான். பக்கத்து நாடான எசெக்ஸில் மன்னர் சேபெர்ட் இறந்ததும் மூன்று மகன்களும் பழைய வழிபாட்டுக்குத் திரும்புகிறார்கள். ‘அப்பாவுக்குக் கொடுத்த அந்த வெள்ளை ரொட்டியை எங்களுக்கும் கொடு’ என்று, திருப்பலியில் தரும் நற்கருணை அப்பத்தை ஆயர் மெல்லிட்டஸிடம் கேட்கிறார்கள். ஞானஸ்நானம் பெறாமல் கிடையாது என்றதும் அவரையே விரட்டிவிடுகிறார்கள்! ஒரு ராஜா கண்ணை மூடினால் மதமும் மாறிவிடுகிற காலம் அது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றவரைத்தான் யாராலும் தள்ள முடியவில்லை.

அவருடைய மகன் எர்ப்வால்ட் முழுமனதாக மதம் மாறினார், அதுவும் வடக்கே இருந்த நார்த்தம்பிரியாவின் மன்னர் எட்வின் வற்புறுத்தி. கொஞ்ச காலத்திலேயே ரிக்பெர்ட் என்பவன் அவரைக் கொன்றுவிட்டான். அப்பாவின் கணக்கு தப்பா என்ன?

வழிப்போக்கன்:
சட்டன் ஹூவை யாரும் சொல்லவில்லையே? ஈஸ்ட் ஆங்லியாவில் 1939-இல் தோண்டிய கல்லறை மேடு அது, இறந்தவரைக் கப்பலோடு புதைத்த இடம். கப்பல் மட்டுமே சுமார் 27 மீட்டர். அமில மண்ணில் மரம் மக்கி, ஆணிகளும் பலகைகளின் அச்சும்தான் மிஞ்சின. அது ரெட்வால்டுடையது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் ஆய்வாளர்கள் பலர் கைகாட்டுவது அவரைத்தான். கப்பலோடு புதைப்பது பழைய மரபு. உள்ளேயோ சிலுவை வடிவம் பொறித்த வெள்ளிக் கிண்ணங்கள், கிரேக்க எழுத்தில் பெயர் வெட்டிய இரண்டு கரண்டிகள். சாவிலும் இரண்டு பீடம்தான் போங்கள்.

அணில்வால்:
நன்றி இருவருக்கும். அப்படியானால் எட்வின் விஷயத்திலும் ரெட்வால்ட் கணக்குத்தான் போட்டாரா? மன்னராகும் முன் தன்னிடம் அகதியாக வந்திருந்த எட்வினை எதிரியிடம் காட்டிக்கொடுக்கக் கிளம்பிவிட்டாரே.

மண்மேடு:
அங்கே கணக்கை மாற்றியது ராணி. அப்போது நார்த்தம்பிரியாவை ஆண்ட ஏதல்ஃப்ரித், எட்வினைக் கொன்றால் பணம் தருவதாக மூன்று முறை தூது விட்டார். மறுத்தால் போர் என்றும் மிரட்டினார். ரெட்வால்ட் தலையாட்டிவிட்டார். தங்கத்துக்காக நண்பனை விற்பது உங்கள் அந்தஸ்துக்கு அழகல்ல என்று ராணி தடுக்க, மனம் மாறி, ஏதல்ஃப்ரித் முழுப்படை திரட்டும் முன்பே பாய்ந்துவிட்டார். ஐடில் ஆற்றங்கரையில் ஏதல்ஃப்ரித் மாண்டார். எட்வின் அரியணை ஏறினார். விலை என்ன தெரியுமா? ரெட்வால்டின் சொந்த மகன் ரெகென்ஹெரே அதே களத்தில் போனான்.

கவனியுங்கள்: ஞானஸ்நானம் பெற்றுக் கென்ட்டிலிருந்து திரும்பிய ரெட்வால்டைக் கெடுத்ததாக பீட் குற்றம் சாட்டுவதும் ‘மனைவி’யைத்தான். இரண்டு இடத்திலும் ஒரே பெண் என்றால், ஈஸ்ட் ஆங்லியாவை யார் ஆண்டது என்றே எனக்குச் சந்தேகம். அந்த அம்மாளின் பெயரைக்கூட பீட் எழுதவில்லை. எரிச்சலாக இருக்கிறது.