டாப்ளரில் ரத்த ஓட்டம் குறைவு, மாத்திரை கேட்குமா?

வயது 46, சர்க்கரை உண்டு. விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரை 50 மி.கி. சரியாகக் கேட்கவில்லை, டாக்டர் 100க்கு ஏற்றியும் விறைப்பு மெதுவாகத்தான் வருகிறது, முழுதாகவும் இல்லை. வெறும் வயிற்றில் போட்டுப் பார்த்தாயிற்று, அந்த யோசனை வேண்டாம்.

ஊசி போட்டு எடுத்த ஆணுறுப்பு டாப்ளர் ஸ்கேனில் ரத்தம் பாயும் உச்ச வேகம் நொடிக்கு 22 செ.மீ. 25க்குக் கீழே என்றால் தமனி வழி வரத்து குறைவாம். சிரைக் கசிவு (வந்த ரத்தம் தங்காமல் சிரை வழியே வெளியேறிவிடுவது) இல்லை, அதுவரை நிம்மதி.

கிளர்ச்சி வரும்போது தசையைத் தளர்த்தி ரத்தக்குழாயை விரியவிடுவதுதான் இந்த மாத்திரையின் வேலை. குழாயே சுருங்கிக் கிடந்தால் அது என்ன செய்யும்?

இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: இதே வகை மாத்திரையான டடலாஃபில் தினமும் 5 மி.கி. எடுத்ததில் மாற்றம் தெரிந்ததா, இல்லை விறைப்புக்கு ஆணுறுப்பில் போடும் ஊசிக்கே போக வேண்டியதாயிற்றா? அப்புறம், இதய டாக்டரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே என்னென்ன பரிசோதனை எடுத்தார்கள்?