பிஸ்மத் ஆன்டிமனி டெல்லூரைடு வில்லை: 350 டிகிரியில் அடர்த்தி ஏறவில்லை, மின்கடத்துதிறனும் குறைவு. உதவி தேவை

கேள்வி:
வணக்கம். வெப்ப வேறுபாட்டை மின்சாரமாக்கும் பொருள் செய்கிறேன். பி-வகைக் கலவை (நேர்மின் ஊர்திகள் மின்சாரத்தைக் கடத்துவது): பிஸ்மத் 0.5, ஆன்டிமனி 1.5, டெல்லூரியம் 3. உருக்கிய கட்டியைப் பந்து அரைவை இயந்திரத்தில் (ball mill) 10 மணி நேரம் அரைத்து, வெளிக்காற்றில் சலித்து, 500 மெகாபாஸ்கலில் குளிர்நிலையில் அழுத்தி, ஆர்கானில் 350 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் சின்டர் செய்கிறேன் (உருக்காமல் சூடாக்கித் துகள்களை ஒட்டவைக்கிறேன்). அடர்த்தி 5.6 கிராம்/க.செ.மீ. தான். சீபெக் (ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம்) 245 மைக்ரோவோல்ட்/கெல்வின், கடத்துதிறன் 310 சீமன்ஸ்/செ.மீ. வில்லை லேசாக உப்புகிறது. வெப்பத்தை அதிகம் கூட்டாமல் வழி உண்டா? ஹாட் பிரஸ் (சூடாக்கியபடியே அழுத்தும் கருவி) இருக்கிறது, 50 மெகாபாஸ்கல் வரை.

பதில் 1:
முழு அடர்த்தி சுமார் 6.8, நீங்கள் 82 சதவீதத்தில் நிற்கிறீர்கள். நேரத்தை நீட்டிப் பயனில்லை. அழுத்தமில்லாமல் 350 டிகிரியில் அணுக்கள் போதிய வேகத்தில் நகராது. உப்புவதற்குக் காரணம் உள்ளே சிக்கிய வாயுவும் டெல்லூரியம் ஆவியும்.

சலிப்பதைக் குளோவ் பாக்ஸுக்குள் (காற்று புகாத, கையுறை பொருத்திய பெட்டி) மாற்றுங்கள். நுண்பொடி மேல் படியும் ஆக்சைடு துகள்களை ஒட்டவிடாது. பிறகு ஹாட் பிரஸ்ஸில் கிராஃபைட் டை (அச்சு), உட்சுவரில் கிராஃபைட் தாள். வெற்றிடத்தில் 200 டிகிரியில் 20 நிமிடம் நிறுத்தி வாயுவை வெளியேற்றி, 50 மெகாபாஸ்கலில் 400 டிகிரி, 30 நிமிடம். ஆறும்போது அழுத்தத்தை மெல்லத் தளர்த்துங்கள். இல்லையேல் குறுக்கே விரிசல் விழும். 350-ஐத் தாண்டவே கூடாதென்றால் டங்ஸ்டன் கார்பைடு டையில் சில நூறு மெகாபாஸ்கல் வேண்டும், கிராஃபைட் உடைந்துவிடும்.

கேள்வி:
நன்றி சார். கூடுதல் டெல்லூரியம் சேர்த்தால் திரவநிலையில் இறுகுமே?

பதில் 2:
350-ல் இறுகாது. டெல்லூரியம் கலந்த திரவம் உருவாகவே சுமார் 420 டிகிரி வேண்டும்; அதற்குக் கீழே டெல்லூரியம் கலவாத தனித் திடப் பகுதியாகத் தங்கிவிடும். 2015-ல் வெளிவந்த, பலரும் எடுத்துக்காட்டும் ஆய்வில் 480 டிகிரியில் அழுத்தித்தான் மிகுதி டெல்லூரியத்தைப் பிழிந்து வெளியேற்றினார்கள்.

இன்னொன்று, உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. வில்லைக்குள் இருக்கும் காலி இடங்களால் கடத்துதிறன் விழும், சீபெக் பெரிதாக மாறாது. 245 என்பது துளைமின்னிகள் (நேர்மின் ஊர்திகள்) குறைந்துவிட்டதைக் காட்டுகிறது. நெடுநேர அரைப்பில் உண்டாகும் படிகக் குறைகள் எலக்ட்ரான்களைத் தந்து அவற்றை ஈடுகட்டிவிடுகின்றன. மிகுதி டெல்லூரியம் இதை இன்னும் மோசமாக்கலாம். அரைப்பை 2 மணி நேரமாகக் குறையுங்கள். போதாவிட்டால் பிஸ்மத் 0.4, ஆன்டிமனி 1.6 விகிதத்துக்குப் போங்கள். ஆன்டிமனி கூடினால் துளைமின்னிகள் கூடும். சீபெக் 200 முதல் 220-க்குள் வந்தால் போதும்.

ஹாட் பிரஸ்ஸில் தகடுத் துகள்கள் ஒரே திசையில் படுக்கும். கடத்துதிறனையும் வெப்பக் கடத்தலையும் ஒரே திசையில் அளவிடுங்கள். திசை மாறினால் இசட்.டி. (வெப்பத்தை மின்சாரமாக்கும் திறனின் அளவுகோல்) பொய்யாக உயரக்கூடும்.