ஆறு வயதுப் பிள்ளைக்கு கராத்தே, எதிலிருந்து ஆரம்பிப்பது?

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஆறு வயது முடிந்து சில மாதம் ஆகிறது. பள்ளி விழாவில் பெரிய பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்று கத்திக்கொண்டே குத்து விட்டதைப் பார்த்த நாளிலிருந்து ஒரே பிடிவாதம், எனக்கும் கராத்தே வேணும் என்று. வீட்டில் தலையணைதான் எதிரி. தலையணை கையில் சிக்காத நேரத்தில் தம்பி.

அவள் அப்பா எட்டு வயது ஆகட்டும், எலும்பு கொஞ்சம் தேறட்டும் என்கிறார். எனக்கோ ஆர்வம் இருக்கும்போதே சேர்த்துவிடலாம் என்று தோன்றுகிறது. பக்கத்தில் ஒரு வகுப்பைப் போய்ப் பார்த்தேன், சின்னப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே வேகத்தில் வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள், பார்த்ததும் எனக்கே மூச்சு வாங்கியது. அதனால் கொஞ்ச நாள் வீட்டிலேயே வீடியோ பார்த்து அடிப்படையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அப்புறம் சேர்க்கலாமா என்று யோசனை. எனக்குக் கராத்தே சுத்தமாகத் தெரியாது. ஷோட்டோகான், கோஜு ரியு என்று கராத்தேயிலேயே ஏதேதோ ஸ்டைல் பெயர் வேறு சொல்கிறார்கள், குழந்தைக்கு எது நல்லது? முக்கியமாக, கற்றுக்கொண்டு வந்து தம்பியைப் போட்டுச் சாத்த மாட்டாளே?

வெள்ளைச்சீருடை:

சகோதரி, சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்ச காலமாகச் சொல்லிக் கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆறு வயது தாராளமாகப் போதும், ஆனால் ஆறு வயதுக்கான கராத்தே வேறு. நீங்கள் பார்த்த அந்த வகுப்பு வேண்டாம்.

இந்தக் கவலை புதிதில்லை. ஜப்பானின் ஒகினாவாத் தீவில் இட்டோசு அங்கோ என்ற ஆசான் 1900களின் தொடக்கத்தில் பள்ளிக்கூடங்களுக்குள் கராத்தேயைக் கொண்டுபோனபோது, பழைய கட்டாக்கள், அதாவது குத்து, தடுப்பு, உதையை வரிசையாகக் கோத்துத் தனியாகச் செய்யும் பயிற்சிகள், மாணவர்களுக்கு நீளமாகவும் கடினமாகவும் இருந்ததால்தான் பினான் என்று ஐந்து கட்டாக்களை அமைத்தார். அவரிடம் கற்ற ஃபுனகோஷி கிச்சின் பிற்பாடு அவற்றுக்கு ஹெயான் என்று பெயர் வைத்தார், இன்றைக்கும் ஷோட்டோகானில் பிள்ளைகள் அதைத்தான் செய்கிறார்கள். ஆக, பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது கராத்தேயை நீர்த்துப்போகச் செய்வது ஆகாது. யாராவது அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டால், முதலில் கை. குழந்தையைக் குத்தச் சொன்னால் பாதிப் பேர் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொள்வார்கள், அப்படியே எதிலாவது இடித்தால் அந்த விரல்தான் போகும். விரல் நுனிகளை முதலில் மடக்கி விரல்களின் அடியைத் தொட வைக்கவும், பிறகு அதை அப்படியே உள்ளங்கைக்குள் சுருட்டவும், கடைசியாகக் கட்டைவிரல் வெளியே, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் மேல் குறுக்கே படிய வேண்டும். புறங்கையும் முன்கையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்கேலை மேலே வையுங்கள், மணிக்கட்டு மடிந்திருந்தால் ஸ்கேல் காட்டிக் கொடுத்துவிடும். படவேண்டியது அந்த முதல் இரண்டு விரல்களின் முட்டிகள் மட்டும். இதைச் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் இது சரியாக வராமல் எதையும் குத்த விடாதீர்கள், தலையணை உட்பட.

அடுத்தது நிற்பது. ஜென்குட்சு தாச்சி என்று முன்னால் ஒரு கால் வைத்து நிற்கும் நிலை ஒன்று உண்டு. முன் முழங்கால் மடங்கியிருக்கும், பின் கால் நீண்டிருக்கும். பிள்ளைகள் செய்கிற தவறு எப்போதும் ஒன்றேதான், இரண்டு பாதத்தையும் ஒரே கோட்டில் கயிற்றில் நடக்கிற மாதிரி வைத்துக்கொள்வார்கள். தோளில் ஒரு விரலால் தள்ளினால் சாய்ந்துவிடுவார்கள். தரையில் தோள் அகலத்துக்கு இரண்டு சாக்பீஸ் கோடு போட்டு வலது கால் வலது கோட்டில், இடது கால் இடது கோட்டில் என்று நடக்க விடுங்கள், திரும்பவும் தள்ளிப் பாருங்கள். சாயவில்லை என்றதும் அந்த முகத்தில் வரும் ஆச்சரியத்துக்கு ஈடே இல்லை. நான் விளக்கம் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்த ஒரு விரல் புரியவைத்துவிடும்.

குத்தும்போது ஒரு கை முன்னால் போக, மற்றது அதே நொடியில் இடுப்புக்குத் திரும்பி வர வேண்டும், உள்ளங்கை மேல்நோக்கி. ஹிக்கிதே என்பார்கள். பிள்ளைகள் இதை மறந்துவிட்டு இரண்டு கையையும் முன்னால் விட்டு வைப்பார்கள். நாம் திரும்பி வர வேண்டிய கையில் ஒரு துண்டின் முனையைக் கொடுத்து, இழு என்று சொன்னால் போதும். உதைக்கு, அதாவது மாயே கெரி என்ற முன் உதைக்கு, முதல் சில வாரம் உதையே வேண்டாம். உங்கள் உள்ளங்கையை அவள் வயிற்று உயரத்தில் நீட்டி, முழங்காலால் தொடச் சொல்லுங்கள், அவ்வளவுதான். முழங்கால் மேலே வந்துவிட்டால் உதை தானாக வரும். பிறகு பாதத்தை நீட்டி, கால்விரல்களைப் பின்னுக்கு மடக்கி, விரல்களுக்குக் கீழே உள்ள பகுதியால் தொட்டு, அதே வழியில் மடக்கி இறக்க வேண்டும். மடக்காமல் தொப்பென்று காலைப் போட்டால் கணக்கில் சேராது.

தடுப்பில் கெதான் பராயும் ஆகே உகேயும் போதும், கீழே ஒன்று, மேலே ஒன்று. மற்றதெல்லாம் மாஸ்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: நிற்கச் சொன்னால் நிற்பது. ஹஜிமே என்றால் ஆரம்பி, யமே என்றால் நிறுத்து. ஓடவிட்டு, குதிக்கவிட்டு, நடுவில் திடீரென்று யமே. எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, எனக்கு இதுதான் பாடம். யமேவுக்கு நிற்காத பிள்ளையை நான் ஜோடி சேர்த்துப் பயிற்சிக்கு விடமாட்டேன், எவ்வளவு அழகாகக் குத்தினாலும். தம்பியை அடிப்பாளா என்ற உங்கள் கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

ஜன்னலோரம்:

மேலே மாஸ்டர் சொன்னதை ஒரு பெற்றோராக வழிமொழிகிறேன். என் பையனின் வகுப்பு முடியும்வரை ஓரமாக உட்கார்ந்திருப்பது என் வேலை, அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

வகுப்பைப் பார்க்கப் போனால் முதல் வரிசையைப் பார்க்காதீர்கள், அங்கே நிற்பவர்கள் எந்த வகுப்பிலும் நன்றாகத்தான் செய்வார்கள். கடைசி வரிசையில் வலது இடது தெரியாமல் திணறுகிற பிள்ளையிடம் மாஸ்டர் போகிறாரா, போனால் எப்படிப் பேசுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். முன்பு நாங்கள் போன ஒரு இடத்தில், தப்பாகச் செய்தவனை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேலி செய்வார்கள், அதை ஒழுக்கம் என்றும் சொல்லிக்கொள்வார்கள். அடுத்த மாதமே மாற்றிவிட்டோம். பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தையும் நான் தவிர்த்துவிடுவேன்.

ஸ்டைல் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். ஷோட்டோகானில் கால்கள் அகலமாக, தாழ்வாக நிற்பார்கள். கோஜு ரியுவில் நிலைகள் குறுகியவை, மூச்சுக்கு முக்கியத்துவம் அதிகம். ஷிட்டோ ரியுவில் கட்டாக்கள் ஏராளம். வாடோ ரியுவில் ஜுஜுட்சு என்ற ஜப்பானிய மல்லுக்கலையின் சாயல், விலகிப் போவது கூடுதல். ஆறு வயதில் இதெல்லாம் ஒன்றுதான். நல்ல மாஸ்டர் எந்த ஸ்டைலோ அதுவே நல்ல ஸ்டைல்.

பெல்ட் மோகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிநிலை முறையே ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவிடமிருந்து கராத்தே எடுத்துக்கொண்டதுதான். ஃபுனகோஷி தன் மாணவர்களுக்கு முதல் கருப்பு பெல்ட்டுகளைக் கொடுத்தது 1924-ல். நிற வரிசைகூட ஒவ்வொரு சங்கத்துக்கும் மாறும். அதனால் இவ்வளவு மாதத்தில் இந்த பெல்ட் உறுதி என்று சேரும்போதே வாக்குக் கொடுக்கிறவர்களிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். டெஸ்டுக்கு டெஸ்ட் பணம் கட்டியே களைத்துப்போன அப்பாக்கள் அந்த ஓர பெஞ்சில் என்னோடு நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எலும்புக்கூடு:

நான் பிசியோதெரபிஸ்ட். உங்கள் வீட்டுக்காரர் எலும்பைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம்தான், ஆனால் அதற்காக எட்டு வயதுவரை காத்திருக்கத் தேவையில்லை. குழந்தைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் என்று மென்மையான பகுதிகள் இருக்கும், வளர்ந்து முடியும்போதுதான் அவை கெட்டியாகும். திரும்பத் திரும்பப் பலமாக அடி வாங்குவதுதான் அவற்றுக்கு ஆகாது. எனவே கைமுட்டியை ஊன்றித் தண்டால், ஓடு பலகை உடைப்பது, வெறுங்கையால் கனமான பையைக் குத்துவது, இந்த மூன்றில் எது ஒரு வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளைக்கு நடந்தாலும் அடுத்த நாள் அனுப்பாதீர்கள். காலை விரித்து உட்காரவைத்து மேலிருந்து அமுக்குகிற வேலையும் கூடவே கூடாது. வளைவது மெதுவாக, அவளாக வளைய வேண்டும்.

காற்றில் குத்தும்போதும் உதைக்கும்போதும் மூட்டைக் கடைசிவரை விறைப்பாக்கி டக்கென்று பூட்டிக்கொள்வார்கள். வெளியே அடியைத் தாங்க எதுவும் இல்லாததால் அந்த வேகம் முழுவதும் முழங்கையிலும் முழங்காலிலும் போய் இறங்கும். முழு நீட்டத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தப் பழக்கினால் போதும். தலையில் அடி பட்டால், ஹெல்மெட் போட்டிருந்தாலும் சரி, அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஹெல்மெட் வெட்டுக்காயத்தைத் தடுக்கும், உள்ளே மூளை குலுங்குவதை முழுக்கத் தடுக்காது.

வெறுங்கால் பயிற்சி என்பதால் நகத்தை வெட்டி அனுப்புங்கள். அவள் நகம் அவளுக்கு ஆபத்தில்லை, பக்கத்துப் பிள்ளைக்குத்தான்.

ஒத்தையடிப்பாதை:

எல்லாரும் நல்லா எழுதியிருக்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். தற்காப்புக்காகச் சேர்க்கிறேன் என்று நினைத்தால் அந்த நினைப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். ஆறு வயதுக் குழந்தை எத்தனை கட்டா தெரிந்திருந்தாலும் வளர்ந்த ஆளை அடித்துத் தப்பிக்க முடியாது. முடியும் என்று அதற்கு நம்பிக்கை கொடுப்பதுதான் ஆபத்து. கத்துவது, கையை உதறிக்கொண்டு ஓடுவது, நடந்ததை வீட்டில் வந்து சொல்வது, இதைத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். கராத்தேயில் அடி வயிற்றிலிருந்து போடுகிற கியாய் சத்தம் மட்டும் இந்த விஷயத்தில் உண்மையிலேயே உதவும், வாயே திறக்காத பிள்ளைகள்கூடக் குரலை எடுக்கப் பழகிவிடும். மற்றபடி இது உடற்பயிற்சி, விளையாட்டு, ஒழுங்கு. அது போதாதா?

நிலாமுற்றம்:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லாருக்கும் நன்றி. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், மணிக்கட்டு நன்றாகவே மடிந்திருந்தது. யமே விளையாட்டில் தம்பியும் சேர்ந்துகொண்டான், நிற்பதில் அவன்தான் கெட்டிக்காரன், இவளுக்கு அதில் ஏகப்பட்ட கோபம்.

மாஸ்டர், இன்னும் இரண்டு சந்தேகம். வீட்டில் எவ்வளவு நேரம் செய்யவிடலாம்? கட்டாவும் இப்போதே தொடங்கலாமா? வீடியோவில் ஹெயான் ஷோதான் என்ற முதல் ஹெயான் கட்டாவைப் பார்த்துவிட்டு அவளாகவே ஏதோ செய்துகொண்டிருக்கிறாள். தம்பியை அடிக்கக் கூடாது என்று எப்படிச் சொன்னால் ஏறும் என்றும் சொல்லுங்கள்.

வெள்ளைச்சீருடை:

வீட்டில் பத்து நிமிடம், அதற்கு மேல் அவளே கேட்டால் ஒழிய வேண்டாம். வகுப்பு முக்கால் மணி நேரத்தைத் தாண்டினால் இந்த வயதில் கவனம் போய்விடும். அதற்குப் பிறகு செய்வதெல்லாம் தப்பாகவே பதியும்.

ஹெயான் ஷோதானில் 21 அசைவுகள், நடுவில் நிலைகளும் மாறும், வீடியோவைப் பார்த்துத் தானாகச் செய்தால் திரும்பும் இடங்களில் எல்லாம் கால் சிக்கிக்கொள்ளும். அதைத் திருத்துவது புதிதாகச் சொல்லிக் கொடுப்பதைவிடப் பெரிய பாடு. தடுக்கவும் வேண்டாம், விளையாட்டாகச் செய்யட்டும், நீங்கள் மட்டும் உட்கார்ந்து திருத்தாதீர்கள். சேர்ந்த பிறகு தைக்யோக்கு ஷோதான் என்று ஒரு கட்டா சொல்லித் தருவார்கள், அதில் கெதான் பராய், முன்னேறிக் குத்துவது, திரும்புவது, இவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அதுதான் நல்ல நுழைவாயில்.

தம்பி விஷயத்தில், அடிக்காதே என்று மட்டும் சொன்னால் ஏறாது. ஃபுனகோஷி எழுதிய 20 நெறிகளில் முதலாவது, கராத்தே வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிகிறது என்பது. இரண்டாவது, கராத்தேயில் முதல் அடி கிடையாது என்பது. குழந்தைக்கு இதை நான் விதியாகவே வைத்துவிடுவேன்: எதிரில் இருப்பவர் வணக்கம் வைக்காமல் கை ஓங்கக் கூடாது. வீட்டிலும் அதையே வையுங்கள். தம்பி குனிந்து வணக்கம் வைத்தால்தான் விளையாட்டு, வைக்கவில்லை என்றால் அவன் ஆட்டத்தில் இல்லை. வைத்தாலும் அவன் மேல் படக் கூடாது, ஒரு சாண் தள்ளி நிறுத்த வேண்டும். பட்டால் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது, திட்டு கிடையாது, விவாதமும் கிடையாது. ஒரு சாண் தூரத்தில் நிறுத்துவதுதான் அடிப்பதைவிடக் கஷ்டம் என்று சொல்லிப் பாருங்கள், கஷ்டமானதைச் செய்துகாட்டத்தான் இந்த வயதுக்கு ஆசை.

சீருடையை முதல் மாதமே வாங்க வேண்டாம், சாதாரண உடையிலேயே வரச் சொல்லுங்கள். ஆர்வம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம். வாங்கும்போது கால்சட்டை கணுக்காலுக்குக் கீழே போகாத அளவாகப் பாருங்கள், வளர்ந்துவிடுவாள் என்று பெரிதாக எடுத்தால் முதல் உதையிலேயே மிதித்துக்கொண்டு விழுவாள்.

நிலாமுற்றம்:

சரி மாஸ்டர். அடுத்த வாரம் இன்னொரு வகுப்பைப் போய்ப் பார்க்கிறோம், இந்த முறை கடைசி வரிசையைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன், எலும்புக் கேள்வியை அவரே நேரில் கேட்கட்டும்.