அப்ராம் ஹன்னிபால்: ஜாரின் தயவா, தன் திறமையா?

கடலோடி:
கவிஞர் புஷ்கினுடைய தாயாரின் பாட்டனார் அப்ராம் ஹன்னிபாலை, அடிமையாக வந்து தன் திறமையால் தளபதியானவர் என்று பலரும் போற்றுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கான்ஸ்டான்டினோபிளுக்குக் கொண்டுவரப்பட்டு, 1704 வாக்கில் ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்ட அந்தச் சிறுவனுக்கு, 1705இல் வில்னியசில் ஞானஸ்நானம் நடந்தபோது ஞானத்தந்தையாக நின்றவர் ஜார் முதலாம் பீட்டர். பெத்ரோவிச் என்ற பெயரே பீட்டர் தந்தது. நாட்டை ஆள்பவரே ஞானத்தந்தையாக வாய்த்தவருக்கு உயர்வதில் என்ன தடை இருந்திருக்கும்?

மருதன்:
அந்த ஞானத்தந்தை 1725இல் இறந்தபின் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிரான்சில் 1717 முதல் ஆறு ஆண்டுகள் இராணுவப் பொறியியல் கற்று, ஸ்பெயினுக்கு எதிரான போரில் பிரெஞ்சுப் படையில் நின்று தலையில் காயம்பட்டுத் திரும்பியவரை, அரசவையில் அதிகாரம் செலுத்திய மென்ஷிகோவ் 1727இல் சைபீரியாவுக்குத் துரத்தினார். தயவு மட்டுமே அவருடைய முதலாக இருந்திருந்தால், சீன எல்லையருகே செலெங்கின்ஸ்கில் கோட்டைக்கு அளவெடுத்தபடியே அவர் மறக்கப்பட்டிருப்பார். வடிவக்கணிதத்தையும் கோட்டைக் கட்டுமானத்தையும் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதிய பொறியாளர் படைக்குத் தேவைப்பட்டார். அதனால்தான் மீண்டு வந்தார்.

கடலோடி:
மீண்டு வந்தார், சரி, எப்போது ஓங்கினார்? பீட்டரின் மகள் எலிசபெத் 1741இல் அரியணை ஏறிய மறு ஆண்டே ரேவல் (இன்றைய தாலின்) நகரத்தின் தளபதிப் பொறுப்பும், மிகைலோவ்ஸ்கோயே பண்ணையும் வந்து சேர்ந்தன. அதே ஆண்டு கொடுத்த மனுவில், தம் தந்தை லகோன் என்ற ஊரை ஆண்ட பிரபு என்று தாமே எழுதிக்கொண்டார். அந்த ஊர் எத்தியோப்பியப் பக்கத்தைச் சேர்ந்ததா, இன்றைய கேமரூனின் லோகோன்-பிர்னியா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

தேன்மொழி:
நீங்கள் இருவரும் அவர் ஏறிய படிகளை எண்ணுகிறீர்கள். யார் தோளில் ஏறினார் என்று கேட்கவில்லை. 1759இல் அவர் சுய்தா பண்ணையை விலைக்கு வாங்கினார். அங்கிருந்த பண்ணையடிமைகளும் விலையில் அடக்கம். முந்தைய ஆண்டு அங்கே பிறந்திருந்த ஆரினா ரொதியோனவ்னா என்ற கைக்குழந்தையும் அவர்களில் ஒருத்தி. பிற்காலத்தில் புஷ்கினுக்குக் கதை சொல்லி வளர்த்த செவிலித்தாய் அவள்தான். சிறு வயதில் கைமாற்றப்பட்ட ஒருவர், முதுமையில் ஒரு குழந்தையை ஊரோடு சேர்த்து வாங்கினார். முதல் மனைவி எவ்தோக்கியா சிறையில் வாட, மணமுறிவு கிடைக்குமுன்பே 1736இல் கிறிஸ்தினாவை மணந்தவரும் இவரே. திறமையா தயவா என்ற வழக்கில் இவையெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்?

மருதன்:
நியாயமான கேள்வி. அவரை மகான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆற்றலை மறுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

கடலோடி:
அப்படியானால் கொள்ளுப்பேரனையே சாட்சிக்கு அழைக்கிறேன். ஒரு கப்பல்காரர் ஒரு புட்டி ரம்முக்கு வாங்கிய ஆள் என்று பத்திரிகையாளர் புல்காரின் 1830இல் எள்ளியபோது, புஷ்கின் கவிதையில் என்ன பதில் கொடுத்தார்? அந்தக் கப்பல்காரர் பீட்டர் என்றார். தம் முன்னோர் ஜாரின் நம்பிக்கைக்குரியவர், அடிமையல்லர் என்றார். பெருமைக்கு ஆதாரம் மறுபடியும் ஜார்தான்.

மருதன்:
அதற்கடுத்த வரிகளை விட்டுவிட்டீர்கள். செஸ்மே கடலில் துருக்கியக் கப்பல்கள் பற்றியெரிந்ததையும் துருக்கியரின் நவரினோ கோட்டை வீழ்ந்ததையும் சொல்லி, அந்த வெற்றிக்குரிய ஹன்னிபாலின் தந்தை இவர் என்று பாடுகிறார். அப்ராமின் மூத்த மகன் இவான் நவரினோவைப் பிடித்தது 1770இல். பீட்டர் இறந்து அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.