பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ, வால்வோ வச்சிருக்கவங்க வாங்க: பட்டறையில பட்ட கதை

ஜெலுத்தோங் 124

நம்ம காரு 95 மாடல் பென்ஸ் ஈ220, டபிள்யூ124 உடம்பு (கம்பெனி அந்த உடம்புக்கு வச்ச குறியீடு). பினாங்குத் தீவுக்குள்ளதான் ஓட்டம், அப்பப்ப பாலம் தாண்டி பட்டர்வொர்த். வாங்குறப்ப சொந்தக்காரங்க எல்லாரும் ரோடு டாக்ஸைச் சொல்லித்தான் பயமுறுத்துனாங்க. 2199 சிசிக்கு வருஷம் 579 வெள்ளி (ரிங்கிட்), அவ்வளவுதான். இதே உடம்புல ஈ280 எடுத்திருந்தா 2799 சிசி, 1627 வெள்ளி 50 காசு. 2000க்கு மேல போற ஒவ்வொரு சிசிக்கும் ஒரு வெள்ளி, 2500க்கு மேல போற ஒவ்வொரு சிசிக்கும் இரண்டரை வெள்ளின்னு ஏறும், அதான் இவ்வளவு வித்தியாசம். ஆக அரசாங்கத்துக்குக் கட்டுறது முன்கூட்டியே தெரிஞ்ச கணக்கு. பட்டறைக்குக் கட்டுறதுதான் தெரியாத கணக்கு.

ஏர்கோன்ல ஆரம்பிக்கிறேன். காலையில ஜில்லுனு இருக்கும். மத்தியானம் கொம்தார் பக்கம் ஜாம்ல மாட்டுனா வெதுவெதுன்னு காத்து வரும். ஒரு கடையில கேஸ் ஏத்துனாங்க, ரெண்டு நாள் நல்லா இருந்த மாதிரி மனசுக்குத் தோணுச்சு. இன்னொரு கடையில ஒரே வார்த்தை: கூலிங் காயில் (காத்தைக் குளிர வைக்கிற பாகம்) போச்சு, டேஷ்போர்டைக் கழட்டணும். 124 வச்சிருக்கவங்களுக்கு இதைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குப் பின்னாடி அடி ஆழத்துல உக்காந்திருக்கு. முன்பக்கம் முழுசையும் பிரிச்சுத்தான் எடுக்கணும். முப்பது வருஷத்துப் பிளாஸ்டிக், தொட்ட இடமெல்லாம் ஒடியும். திரும்பப் பூட்டுனதுக்கு அப்புறம் ஒவ்வொரு குழிக்கும் ஒரு சத்தம். "எங்க ஒழுகுதுன்னு சாயம் விட்டுப் பாத்தீங்களா"ன்னு கேட்டேன். "பாக்க வேண்டியதே இல்ல பாஸ், இந்த வயசுக் காருக்கு எல்லாம் அதுதான்." காரை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

ஆயர் ஈத்தாம்ல ஒரு வயசான போர்மேன் (பட்டறை மெக்கானிக்) இருக்காரு, சீனர், தமிழ் நாலு வார்த்தை பேசுவாரு. அவரு ஸ்பேனரையே தொடல. இன்ஜினை ஓட விட்டாரு, உள்ள வெப்பநிலைத் திருகியைக் கடைசி குளிருக்கு வைக்கச் சொன்னாரு. போனட்டைத் தூக்கி, ஹீட்டருக்குப் போற ரப்பர் குழாயையும் திரும்பி வர்ற குழாயையும் கையால பிடிச்சுப் பாத்தாரு. என் கையையும் பிடிச்சு வச்சாரு. ரெண்டும் சுட்டுது. குளிருல வச்சிருக்கிறப்ப திரும்பி வர்ற குழாய் சுடவே கூடாது. சுட்டா, ஹீட்டருக்குள்ள சுடுதண்ணி ஓடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். நம்ம ஏர்கோன் முன்னாடி குளிர வைக்குது, பின்னாடியே ஹீட்டர் அதைச் சுட வைக்குது.

குற்றவாளி மோனோவால்வ். சுடுதண்ணியை நிறுத்துற மின் வால்வ் அது, உள்ள ஒரு ரப்பர் சவ்வு. கரண்டு வந்தா மூடும், வரலன்னா திறந்தே கிடக்கும். குளிர் நாட்டுக்காரன் கட்டுன காரு, கெட்டுப்போனாலும் ஆளு குளிர்ல விறைக்கக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கான். நம்ம ஊருல அதே புத்தி நமக்கு ஆப்பு. சவ்வு கிழிஞ்சிருந்துச்சு. முழு வால்வும் வாங்க வேண்டியதில்ல, உள்பாகம் தனியாவே கிடைக்குது. மேல ஸ்குரூவைக் கழட்டி மாத்தி முடிக்கிறதுக்குள்ள ஒரு தே தாரிக் டீ கூட ஆறல.

அவரு பில்லுல சாமான் விலைக்குப் பக்கத்துல "பாத்த கூலி"ன்னு தனியா ஒரு தொகை போட்டிருந்தாரு. சாமானை விட அதுதான் ஜாஸ்தி. சந்தோஷமா கொடுத்தேன். நம்ம ஆளுங்க பாக்குறதுக்குக் காசு கொடுக்க மாட்டோம், மாத்துனாத்தான் கொடுப்போம். அப்புறம் பட்டறைக்காரன் மாத்தத்தானே செய்வான்? அவனும் வாடகை கட்டணும். பழைய பென்ஸ் நம்மளைத் தின்னுதுன்னு சொல்றாங்களே, தின்னுறது காரு இல்ல, தேவையில்லாம மாத்துன சாமானும் முன்னாடி இருந்தவன் செஞ்சு வச்ச அரைகுறை வேலையும்தான்.

அந்த அரைகுறைக்கு ஒரு சாட்சி. தைப்பூச ராத்திரி, வாட்டர்பால் ரோடு பக்கம் நகரவே முடியாத கூட்டம். 80க்குக் கொஞ்சம் மேல நிக்க வேண்டிய இன்ஜின் சூட்டு முள்ளு மெல்ல மெல்ல 110ஐத் தாண்டுச்சு. ஏர்கோனை அடைச்சு, ஓரங்கட்டி நிறுத்திட்டு, தண்ணிப் பந்தல்ல மோர் குடிச்சுக்கிட்டு நின்னேன். ஆனா அதே காரு பாலத்துல கடல் காத்துல போறப்ப முள்ளு 60 கிட்டயே படுத்துக் கிடக்கும். ஜாம்ல கொதிக்குது, ஓட்டத்துல குளிர்ந்து போகுது. இந்த ரெண்டையும் சேத்துச் சொன்னதுமே போர்மேன் சிரிச்சாரு. மூடியைக் கழட்டிப் பாத்தா, தண்ணிச் சூட்டைப் பாத்து வழியைத் திறந்து விடுற தெர்மோஸ்டாட்டே இல்ல. யாரோ முன்னாடி பிடுங்கி எறிஞ்சிருக்காங்க. "நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு"ங்கிற பழைய பட்டறை ஞானம்.

அந்த ஞானம் இந்தக் காருக்குச் செல்லாது. தெர்மோஸ்டாட்டுல ரெண்டு தட்டு. 87 டிகிரியில ஒண்ணு ரேடியேட்டர் வழியைத் திறக்க ஆரம்பிக்கும், கூடவே இன்னொண்ணு தண்ணி இன்ஜினுக்குள்ளயே சுத்துற குறுக்குவழியை அடைக்கும். பிடுங்கி எறிஞ்சா குறுக்குவழி எப்பவும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு தண்ணி ரேடியேட்டரைப் பாக்காமலே சுத்தி வரும். ஓட்டத்துல காத்து இருக்குறதால தெரியாது, ஜாம்ல தெரியும். புதுசு போட்டோம், பைப் தண்ணியை எல்லாம் வடிச்சுட்டு சரியான கூலண்ட் ஊத்துனோம். முள்ளு இப்ப ஒழுங்கா நிக்குது.

உங்க கதையைப் போடுங்க. பட்டறைப் பேரு வேண்டாம், வம்பு வேண்டாம்.

செந்தூல் 39

அண்ணே வணக்கம். நம்மளது பிஎம் ஈ39, 523ஐ. 2494 சிசி, 874 வெள்ளி ரோடு டாக்ஸ். நீங்க சொன்ன கூலி விஷயம் சரி, நூத்துக்கு நூறு. ஆனா "கண்டுபிடிச்சுட்டு மாத்து"ங்கிறதை பிஎம்டபிள்யூ தண்ணி சமாச்சாரத்துல கடைப்பிடிச்சா, இன்ஜின் போனதுக்கு அப்புறம்தான் கண்டுபிடிப்பீங்க.

இந்தக் காருல தண்ணி போற வழி பூராவும் பிளாஸ்டிக். தண்ணித் தொட்டி, ரேடியேட்டர் கழுத்து, தெர்மோஸ்டாட் கூடு. வாட்டர் பம்ப் விசிறி கூட சில பம்புல பிளாஸ்டிக்தான். பத்து வருஷச் சூட்டுல எல்லாம் மொறுமொறுன்னு ஆயிரும். வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது. நமக்கு காராக் ஹைவேயில, கெந்திங் செம்பா ஏத்தத்துல தொட்டி பொளந்துச்சு. முன்கண்ணாடி பூரா வெள்ளைப் புகை. உடனே இன்ஜினை அடைச்சதால தப்பிச்சேன். இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டலாம்னு நினைச்சிருந்தா இன்ஜினோட அலுமினிய ஹெட் (மேல்பாகம்) வளைஞ்சிருக்கும்.

தோ டிரக்ல (இழுவை லாரியில) ஏத்தி கடைக்கு வந்தா, தொட்டியை மட்டும் மாத்துனா போதும்னாரு போர்மேன். நான் ஒத்துக்கல. ஒரே வயசுச் சாமான், ஒண்ணு போனா மத்தது வரிசையில நிக்குது. ரேடியேட்டர், தொட்டி, பம்ப், தெர்மோஸ்டாட், குழாய், பெல்ட் எல்லாத்தையும் மொத்தமா மாத்தச் சொன்னேன். கையில பார்ட் நம்பரோட ஜாலான் சான் சவ் லின் பக்கம் போய் நானே வாங்கிட்டு வந்தேன். பெட்டியில பிராண்டு பேரைப் பாருங்க, பேஹர், லெம்ஃபோர்டர், சாக்ஸ். பிஎம், பென்ஸ் கம்பெனிகளுக்கே செஞ்சு கொடுக்கிறவங்கதான். பென்ஸ் நட்சத்திரம் போட்ட பெட்டிக்குத் தனி விலை.

மாத்துனதுக்கு அப்புறமும் முள்ளு ஆடுச்சு. தண்ணி வழியில மாட்டிக்கிட்ட காத்து. சாவியை ஆன்ல வச்சு, உள்ள ஹீட்டரை உச்சத்துக்கும் விசிறியைக் கம்மியாவும் வச்சு, தொட்டி பக்கத்துல இருக்கிற காத்துத் திருகைத் திறந்து, குமிழி இல்லாம தண்ணி வர்ற வரைக்கும் ஊத்தணும். ஹீட்டரைத் திறக்கலன்னா அங்க காத்து அடைச்சுக்கும். கடைப் பையன் அதைச் செய்யல. வீட்டு வாசல்ல நானே செஞ்சேன், அதோட நின்னுச்சு.

பிறை ஏர்மேட்டிக்

நீங்க ரெண்டு பேரும் சின்ன வியாதிக்கே அழுறீங்க. நம்மளது பென்ஸ் எஸ்320, டபிள்யூ220. 3199 சிசி, ரோடு டாக்ஸ் 3025 வெள்ளி 50 காசு. அதனாலதான் இந்தக் காரு மைவி மாதிரி சின்னக் காரு விலைக்குக் கிடைக்குது, வாங்குறப்ப யாரும் அதை யோசிக்கிறது இல்ல.

ராத்திரி நிமிர்ந்து நிக்கும். காலையில பாத்தா முன் இடது பக்கம் தரையைத் தொடுற மாதிரி உக்காந்திருக்கும். முதல் கடையில காத்துக் கம்ப்ரசர் போச்சுன்னாங்க. போனது வாஸ்தவம், ஆனா ஏன் போச்சு? காத்துக்கால் (ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்தால காரைத் தாங்குற கால்) ஒழுகுது, அதை நிரப்ப கம்ப்ரசர் ஓயாம ஓடுது, ஓடி ஓடி அதுக்குக் கரண்டு விடுற ரிலே சுவிட்சு ஒட்டிக்கிச்சு, ரிலே ஒட்டுனதும் நிக்காமலே ஓடி கம்ப்ரசர் எரிஞ்சுபோச்சு. புதுக் கம்ப்ரசர் மட்டும் போட்டா அதுவும் எரியும். சோப்புத் தண்ணியைத் தெளிச்சுப் பாத்தோம், காலுக்கு மேல குழாய் சேர்ற இடத்துல நுரை பொங்குச்சு.

புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஹாஃப் கட் கடையில (பாதியா வெட்டி வந்த பழைய காருச் சாமான் விக்கிற கடை) பழைய காத்துக்கால் மலிவாத் தரேன்னான். வேண்டாம்னுட்டேன். கதவு, விளக்கு, சீட்டு, கண்ணாடி எல்லாம் ஹாஃப் கட்ல தாராளமா வாங்கலாம். ரப்பர் சம்பந்தப்பட்டது எதையும் வாங்காதீங்க. ஜப்பான்ல இருந்து வந்தாலும் அந்த ரப்பருக்கும் நம்ம ரப்பருக்கும் ஒரே வயசு.

ஷா ஆலாம் வால்வோ

நம்மளது வால்வோ 940. 1967ல ஷா ஆலாம்ல வால்வோ ஆலை வந்தது, அதனாலயோ என்னவோ இந்தப் பக்கம் இன்னும் இதோட நட்டு போல்ட்டு தெரிஞ்ச கிழவங்க இருக்காங்க. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல எண்ணெய் ஒழுகுச்சு. கியர்பாக்ஸை இறக்கி பின் சீல் (எண்ணெய் கசியாம அடைக்கிற வளையம்) மாத்தணும்னாங்க. ஒரு கிழவரு ஓடுற இன்ஜின்ல எண்ணெய் ஊத்துற மூடியைக் கழட்டுனாரு, குபுகுபுன்னு புகை அடிச்சுச்சு. இன்ஜின் மூச்சு விடுற வழியில ஃபிளேம் டிராப்னு ஒரு சின்னப் பிளாஸ்டிக் இருக்கு, கட்டை விரல் அளவு. அது அடைச்சுக்கிட்டா உள்ள அழுத்தம் ஏறி, பலவீனமான சீல் வழியா எண்ணெயைத் தள்ளும். அதைச் சுத்தம் பண்ணி ஒரு மாசம் பாரு, அப்பவும் ஒழுகுனா இறக்கலாம்னாரு. இன்னும் இறக்கல. லேசா ஈரம் இருக்கு, அவ்வளவுதான்.

ஜெலுத்தோங் 124

செந்தூல் தம்பி சொல்றதை ஏத்துக்கிறேன். தண்ணி சமாச்சாரத்துல காத்திருக்கக் கூடாது. ஆனா அதுவும் தெரிஞ்சு மாத்துறதுதானே தம்பி, எந்தச் சாமான் எந்த வயசுல போகும்னு நீ படிச்சுட்டு மாத்துன. கடைக்காரன் குத்துமதிப்பா மாத்துறது வேற.

இப்ப என் தலைவலி வயரிங். 93ல இருந்து 95 வரைக்கும் வந்த பென்ஸ் இன்ஜின் வயருக்கு மக்கிப் போற மாதிரி உறை போட்டுத் தொலைச்சான். இன்ஜின் சூட்டுல உறை காஞ்சு, வயரும் வயரும் உரசுது. சும்மா நிக்கிறப்ப ஆர்பிஎம் ஏறி இறங்குது, ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடிக்குது. பிளக் மாத்து, காயில் மாத்து, ஏர்ஃபுளோ மாத்துன்னு ஒரு கடையில பட்டியல் எழுதிக் கொடுத்தாங்க. இன்ஜெக்டர் பக்கத்துல ஒரு வயரை லேசா வளைச்சுப் பாத்தேன், உறை அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையில வந்துருச்சு. பட்டியலை மடிச்சு டேஷ்போர்டுல வச்சுட்டேன். த்ராட்டில்ல இருக்கிற வயருக்கும் இதே கதைதான், இன்ஜின் வயரை மட்டும் மாத்திட்டு அதை விட்டா வேலை பாதிதான் முடியும்.

புது வயரிங் செட் விலை கேட்டு மூச்சு நின்னுச்சு. ஹாஃப் கட்ல எடுத்தா அதே வருஷத்து அதே மக்குன வயருதான் வரும். பழைய சாக்கெட்டை வச்சுக்கிட்டு, சூடு தாங்குற வயரைப் புதுசா இழுத்துக் கட்டுறவங்க கோலாலம்பூர்ல இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். யாருக்காச்சும் தெரியுமா?

செந்தூல் 39

எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்காரு அண்ணே, செகாம்புட் பக்கம். ஈ39க்கு ஏபிஎஸ் வயர் கட்டிக் கொடுத்தாரு, சுத்தமான வேலை. நம்பர் தனியா அனுப்புறேன். காரைக் கொண்டு வர வேண்டாம், வயரிங்கைக் கழட்டி பஸ்ல அனுப்புனா போதும். கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சாக்கெட்லயும் டேப் ஒட்டி எது எங்க போகுதுன்னு எழுதிருங்க, படமும் பிடிச்சு வைங்க. தைப்பூசத்துக்கு முன்னாடி வேணும்னா இப்பவே அனுப்பிருங்க, சீனப் பெருநாள் நெருங்குனா அந்த ஆளு போனே எடுக்க மாட்டாரு.